ஆட்கொணர்வு மனு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வீட்டில் ஒருவரைப் போலீஸ் பிடித்துச் சென்றுவிட்டால், தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை, "ஹைகோர்ட்டில் ஹேபியஸ் கார்பஸ் போடுங்கள்" என்பதுதான். நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொண்டே வருகின்றன. சிலர் நகையை அடகு வைத்துப் பணத்தோடு வந்துவிடுகிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காக இந்த விளக்கத்தை எழுதுகிறோம்.

"இவரை எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறீர்கள், நேரில் கொண்டுவாருங்கள்" என்று நீதிமன்றத்தைக் கேட்க வைப்பதே ஆட்கொணர்வு மனு. அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் போடலாம். உள்ளே இருப்பவர்தான் மனுதாரராக வேண்டும் என்பதில்லை. தாயோ மனைவியோ நண்பரோ போடலாம். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அப்படி நிறுத்தாமல், எங்கே இருக்கிறார் என்றும் சொல்லாமல் வைத்திருந்தால், இந்த மனுவுக்கு நிகரான ஆயுதம் வேறில்லை. அதற்கு முன், மாவட்ட எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அதன்பிறகு அவர் இருப்பது நீதிமன்ற உத்தரவின் பேரில். அந்த உத்தரவு அதிகாரமே இல்லாமல் அல்லது மனம் செலுத்தாமல் எந்திரத்தனமாகப் போடப்பட்டது என்று காட்ட முடிந்தாலொழிய, ஆட்கொணர்வு மனு நிற்காது. 2023இல் செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். அமைச்சராக இருந்தவருக்கே கிடைக்காத வழி, நம் வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த நிலையில் போட வேண்டியது ஜாமீன் மனு. கடுமையான குற்றங்களில் 90 நாளுக்குள்ளும் மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. உபா சட்ட வழக்குகளில் நீதிமன்ற அனுமதியோடு இது 180 நாள் வரை நீளும். நாளை எண்ணி வையுங்கள். குற்றப்பத்திரிகை வந்துவிட்ட பிறகு போய்க் கேட்டால் அந்த உரிமை கைநழுவிப் போயிருக்கும்.

குண்டர் சட்டம் வேறு கதை. ஓராண்டு வரை உள்ளே வைக்கும் அந்தத் தடுப்புக் காவலுக்கு ஜாமீன் கிடையாது. ஆட்கொணர்வு மனுதான் பெருவழி. ஆனால் "என் மகன் அதைச் செய்யவே இல்லை" என்பதை நீதிமன்றம் இங்கே விசாரிக்காது. பார்ப்பதெல்லாம் நடைமுறையைத்தான். காரணங்களை 5 நாளுக்குள் கொடுத்தார்களா, கொடுத்த நகல்கள் படிக்கும்படி இருந்தனவா, அவருக்குத் தெரிந்த மொழியில் இருந்தனவா, அவர் அனுப்பிய முறையீட்டை அரசு காலதாமதமின்றிப் பரிசீலித்ததா. ஆகவே முறையீட்டை உடனே அனுப்புங்கள். அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்பதால், அங்கே என்ன பேசுவது என்று நேர்காணலின்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தடுப்புக் காவல் உத்தரவு ரத்தானாலும், மூல வழக்கில் ஜாமீன் வாங்காதவர் வெளியே வர முடியாது.

தண்டனை பெற்றவருக்கு இந்த மனு பயனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. திகார் சிறையில் இன்னொரு கைதி சித்திரவதை செய்யப்பட்டதைச் சுனில் பத்ரா என்ற கைதி ஒரு கடிதத்தில் எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, கிருஷ்ணய்யர் அமர்வு 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சிறைக்குள் நடக்கும் கொடுமையையும் நீதிமன்றம் கேட்கும் என்பது அதிலிருந்து உறுதியானது. விடுதலைக்கு வழி மேல்முறையீடுதான். வக்கீல் இல்லாதவரும் சிறை அதிகாரி மூலமாகவே அதை அனுப்பலாம்.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. நகை அடகுக்கடைக்குப் போகும் முன் அங்கே ஒருமுறை போய்வாருங்கள். எங்களிடம் வருபவர்கள் ரிமாண்ட் தேதி, குற்ற எண், காவல் நிலையத்தின் பெயர், எந்தச் சிறை என்ற விவரங்களோடு, தடுப்புக் காவலாக இருந்தால் கொடுக்கப்பட்ட காகிதங்கள் முழுவதையும் கொண்டுவரவும்.