ஆம்னி ஏன் நின்றது? பழைய வேனில் பெட்ரோல் கோளாறைத் தேடுவது

அப்பாவிடம் 1997 மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. 2019-இல் கம்பெனி ஆம்னி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அப்பா ஓட்டுவதை நிறுத்தவில்லை. பொள்ளாச்சியிலிருந்து அம்மாவைக் கோவைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது இதில்தான்.

போன வருஷம் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. மெயின் ரோட்டில் எழுபதில் பத்து நிமிஷம் போனால் குலுங்கும், இழுக்காது, அப்புறம் அணைந்துவிடும். ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் கிளம்பிவிடும். பின்னால் லாரி ஹாரன் அடிக்க, இப்படி இரண்டு தடவை நின்றதும், "இனி நான் பஸ்லயே போய்க்கறேன்" என்றார் அம்மா.

மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பிளக், ஃபில்டர் எல்லாம் புதுசு. ஏழாயிரத்துக்கு மேல் செலவு. இரண்டு வாரம் ஓடியது, மறுபடி நின்றது. "வித்துருங்க சார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, பிரச்சினை தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடிய ஆள்தான் நானும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் போகும் பாதை எளிமையானது. வண்டிக்கு அடியில் டேங்க். அங்கிருந்து இரும்புக் குழாய், நடுநடுவே ரப்பர் ஹோஸ், ஃபில்டர், முன் சீட்டுக்கு அடியில் உள்ள எஞ்சினில் பம்ப், அதன் பிறகு கார்புரேட்டர். இதில் பம்ப்தான் எல்லைக்கோடு. பம்ப்புக்கு முன்னால் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது; பின்னால் தள்ளப்படுகிறது. தள்ளும் பக்கம் ஓட்டை என்றால் பெட்ரோல் வெளியே சொட்டும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை என்றால் எஞ்சின் ஓடும்போது சொட்டாது, காற்று உள்ளே போகும். ஸ்ட்ரா நடுவில் கீறல் விட்டால் ஜூஸ் சரியாக வராதே, அதே கதை.

அப்படியானால் ஊருக்குள் மட்டும் ஏன் நிற்பதில்லை? ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்தால், எழுபதில் போகும்போது மணிக்கு 5 லிட்டர் வேண்டும். ஐட்லிங்கில் 1 லிட்டர்கூட ஆகாது. பாதிக் காற்றும் பாதிப் பெட்ரோலுமாக வந்தாலும் ஊருக்குள் சமாளித்துவிடும். மெயின் ரோட்டில் வரவைவிடச் செலவு கூடி, கார்புரேட்டர் கிண்ணம் மெல்லக் காலியாகும். புது பம்ப் கொஞ்சம் பலமாக உறிஞ்சியதால் இரண்டு வாரம் நோய் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் செய்த சோதனைகள் வரிசையாக:

1. கரண்ட் கோளாறா, பெட்ரோல் கோளாறா? இக்னிஷன் கோளாறு பெரும்பாலும் ஸ்விட்ச் அணைத்தது போலப் பட்டென்று நிறுத்தும். பெட்ரோல் குறைந்தால் குலுங்கிக் குலுங்கி நிற்கும். வண்டி நின்றதும் எஞ்சினை ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து, சாவி ஆஃபில் இருக்க ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் இழுத்துப் பார்க்கலாம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. எங்களுடையதில் பீச்சவில்லை.

2. டேங்க் மூடி. மூடியின் காற்றுவழி அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகும். பம்ப் இழுக்க முடியாது. நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். எங்களுக்கு அந்தச் சத்தம் வரவில்லை.

3. பம்ப்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி போன்ற பெட்ரோல் டியூபை மாட்டி, எஞ்சினை ரேஸ் செய்து பார்த்தேன். குமிழி குமிழியாக வந்தது. அதே டியூபை டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே வரும் இடத்தில் மாட்டினேன். குமிழியே இல்லை. ஆக, இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டை. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துப் போனால் நாலு சோதனையில் இடம் தெரிந்துவிடும்.

டேங்க்கை அடுத்த ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் விரிசல். கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தால் தெரியவே தெரியாது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இந்தச் சோதனைகளைத் திறந்தவெளியில் செய்யுங்கள். குழாயைக் கழற்றுவதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் வயர் கழன்றிருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

பழைய வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரைக் கெடுக்கும். அது எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். கார்புரேட்டர் ஜெட்டின் அளவு மாறாததால் கலவையில் காற்று மிஞ்சிவிடும். எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டும், கார்புரேட்டரில் அந்த வசதி இல்லை. பத்து வருஷம் தாண்டிய பெட்ரோல் ஹோஸ்களை, நன்றாகத் தெரிந்தாலும், எத்தனாலுக்கு ஏற்றதாகப் பார்த்து மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பா பெட்ரோல் போடும் தேதி, கிலோமீட்டர் எல்லாம் டைரியில் எழுதுவார். வேலை முடிந்த பிறகுதான் அதைப் புரட்டினேன். வண்டி நின்ற நாள் எல்லாமே டேங்க் பாதிக்குக் கீழே இருந்த நாட்கள். பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க பம்ப் இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும், காற்று அதிகம் நுழையும். "டேங்க் ரொம்பி இருந்தா நிக்கறதில்லடா" என்று அவர் முதல் மாதமே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

டைரியில் இன்னொரு வரியும் இரண்டு இடத்தில் இருந்தது: "ஃபுல் டேங்க். காலையில் ஷெட்டில் பெட்ரோல் வாசம்." எஞ்சின் அணைந்து, டேங்கும் நிரம்பியிருந்தால் அதே விரிசலில் பெட்ரோல் வெளியே கசியும். பழைய வண்டி என்றால் வாசம் வரத்தான் செய்யும் என்று நானே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஷெட்டில்தான் அம்மா சாயங்காலம் விளக்கு வைப்பார். வண்டி வழியில் நிற்காமல் இருந்திருந்தால் இதை யாரும் தேடியே இருக்க மாட்டோம்.

2027-இல் எஃப்சி. அதுவரையாவது ஓடும் என்கிறார் அப்பா. அம்மா மறுபடி முன் சீட்டில் உட்கார ஆரம்பித்துவிட்டார்.