கூம்பு நத்தை: நஞ்சிலிருந்து மருந்து வந்த கதை

மீனைத் துரத்திப் பிடிக்கும் வேகம் எந்த நத்தைக்கும் கிடையாது. ஆனாலும் மீனையே உணவாகக் கொண்டு வாழும் நத்தைகள் கடலில் இருக்கின்றன. கோனஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த கூம்பு நத்தைகளில் சில இனங்கள் அப்படிப்பட்டவை. ஊர்ந்து போகும் உயிர் நீந்திப் போகும் உயிரைப் பிடிப்பதற்கு அவற்றிடம் உள்ள ஒரே வழி நஞ்சு. அந்த நஞ்சை ஆராய்வதில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பிலிப்பைன்ஸில் பிறந்த வேதியியலாளர் பால்டோமெரோ ஒலிவேரா. வேறு எதற்கும் அடங்காத வலிக்கு ஒரு மருந்து கிடைத்ததும், நரம்புகளின் இயக்கத்தை அறிய ஆய்வாளர்களுக்குப் புதிய கருவிகள் கிடைத்ததும் அந்த உழைப்பால்தான்.

கூம்பு நத்தைகளில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வெப்பமண்டலக் கடல்களில், பவளப்பாறைகளை ஒட்டியும் மணலில் புதைந்தும் வாழ்கின்றன. ஓட்டின் மேலுள்ள வரிகளும் புள்ளிகளும் மிக அழகானவை என்பதால் சங்கு, சிப்பி சேகரிப்பவர்களிடம் இவற்றுக்கு எப்போதும் மவுசு அதிகம். உணவைப் பொறுத்து இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: கடற்புழுக்களைத் தின்பவை, பிற நத்தைகளைத் தின்பவை, மீன்களைத் தின்பவை. புழு தின்பவையே அதிகம். மனிதருக்குப் பெரும் ஆபத்து மீன் தின்பவற்றால்தான்.

சாதாரண நத்தையின் வாயில், பாசியைச் சுரண்டித் தின்பதற்கு வசதியாக, வரிசை வரிசையாகச் சிறு பற்கள் பதிந்த நாடா ஒன்று இருக்கும். கூம்பு நத்தையிடம் அந்தப் பற்கள் வேட்டைக் கருவியாகவே மாறிவிட்டன. ஒவ்வொரு பல்லும் சுருண்டு, உள்ளே துளையும் நுனியில் கொக்கியும் கொண்ட ஊசியாகிவிட்டது. இப்படிப்பட்ட பற்கள் பல ஒரு பையில் தயாராக இருக்கும். நீரில் கலந்து வரும் மீனின் வாடையை நத்தை தன் நீர்க்குழாய் வழியே உணர்ந்ததும், நீண்டு நெகிழும் தும்பிக்கையை மெல்ல வெளியே நீட்டும். அதன் நுனியில் ஒரு பல் பொருந்தியிருக்கும். தும்பிக்கை மீனைத் தொட்ட மறுகணம் பல் பாய்கிறது. நீண்டு சுருண்ட குழாயில் சுரந்திருக்கும் நஞ்சு, தசைப்பை ஒன்றின் அழுத்தத்தால் பல்லின் துளை வழியே மீனின் உடலுக்குள் இறங்குகிறது. ஓரிரு நொடிகளில் மீன் துடுப்புகள் விறைத்து அப்படியே நின்றுவிடும். நத்தை அதை இழுத்து முழுதாக விழுங்கி, பின்னர் முள்ளையும் செதிலையும் பயன்படுத்திய பல்லையும் வெளியே துப்பிவிடும். அடுத்த வேட்டைக்கு அடுத்த பல்.

கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனத்தின் வேட்டை முறை வேறு. அது தன் வாயை வலைபோல் அகல விரித்துச் சிறு மீன்களைக் கூட்டமாக உள்ளே அடைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குத்தும். மனித உயிர்களை அதிகம் பறித்த இனமும் இதுதான். கூம்பு நத்தை குத்தி ஒருவர் இறந்த செய்தி 1705-இல் வெளியான, ரும்பியஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் நூலிலேயே இருக்கிறது. இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. நஞ்சின் வேகம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காப்பதே வழி.

ஒலிவேரா மணிலாவில் படித்து, அமெரிக்காவில் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்றவர். ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, டிஎன்ஏ இழைகளை ஒட்டவைக்கும் லைகேஸ் என்ற நொதியைக் கண்டறிந்த ஆய்வில் பங்காற்றினார். 1960-களின் இறுதியில் தாயகம் திரும்பியபோது அந்த ஆய்வைத் தொடரத் தேவையான கருவிகள் அங்கே இல்லை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல், உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தார். சிறுவயதில் கடற்சங்குகளைச் சேகரித்தவர் அவர். மனிதரைக் கொல்லும் ஜியோகிராபஸ் அந்நாட்டுக் கடலிலேயே கிடைத்தது. லூர்து குரூஸ் என்ற உயிர்வேதியியலாளருடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்.

அவர்களுடைய சோதனை முறை மிக எளிமையானது. கம்பி வலையின் அடிப்பக்கத்தைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும் சுண்டெலிக்கு நஞ்சின் ஒரு பகுதியைச் செலுத்துவார்கள். தசை செயலிழந்தால் எலி பிடியை விட்டுக் கீழே விழும். விழுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து நஞ்சின் வீரியத்தைக் கணக்கிட்டார்கள். இந்த வழியில், தசையை முடக்கும் சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றில் இருந்தவை வெறும் 13 அமினோ அமிலங்கள். ஆனால் அது செய்த வேலையில் புதுமை இல்லை. நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை அது அடைத்தது. நாகப்பாம்பின் நஞ்சும் அதையேதான் செய்கிறது.

திருப்புமுனை, ஒலிவேரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, ஓர் இளநிலை மாணவரிடமிருந்து வந்தது. நஞ்சின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து, அவற்றை எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்க்கலாமே என்றார் கிரெய்க் கிளார்க். செய்து பார்த்தபோது ஒரு கூறு எலியைத் தூங்க வைத்தது, ஒன்று நடுங்க வைத்தது, வேறொன்று வட்டமடித்து ஓட வைத்தது. தூங்க வைத்த கூறு இன்னும் விந்தையானது. இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் அதனால் உறங்கின. வளர்ந்த எலிகளோ பரபரப்பாக ஓடின. ஒரே நஞ்சு என்று எண்ணியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் தொகுப்பு என்று அப்போதுதான் தெரியவந்தது.

இத்தனை சேர்மங்கள் நத்தைக்கு எதற்கு? நரம்பணுக்களின் சவ்வில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் போய்வரும் நுண்ணிய வாசல்கள் உள்ளன. அவை திறப்பதாலும் மூடுவதாலும்தான் நரம்புச் செய்தி ஓடுகிறது. நத்தை நஞ்சின் ஒரு பிரிவு, சோடியம் வாசல்களை மூடவிடாமலும் பொட்டாசியம் வாசல்களைத் திறக்கவிடாமலும் செய்து, நரம்புகளை ஒரே நேரத்தில் வெறிகொண்டு இயங்க வைக்கிறது. மீன் உடனே விறைப்பது இதனால்தான். இன்னொரு பிரிவு சற்று நிதானமாக நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. முதலாவது மீனை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது. இரண்டாவது அது மீண்டும் நீந்தாதபடி பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு சேர்மமும் ஒரு குறிப்பிட்ட வகை வாசலை மட்டும் நாடிப் போகிறது. மருத்துவம் தேடிக்கொண்டிருந்ததும் இந்தத் துல்லியத்தைத்தான்.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஒலிவேராவின் ஆய்வகத்தில் சேர்ந்த மைக்கேல் மெக்கின்டோஷ், கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நஞ்சிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சேர்மத்தைப் பிரித்தார். எலியை நடுங்க வைத்த அந்தச் சேர்மம், என்-வகைக் கால்சியம் வாசலை அடைக்கிறது என்பது பின்னர் தெளிவானது. வலிச் செய்தியைக் கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்தில் அதை அடுத்த நரம்புக்குக் கைமாற்ற இந்த வாசல் வேண்டும். அதை அடைத்தால் வலி மூளைக்குப் போய்ச் சேராது. நத்தையிடம் கிடைத்த அதே அமைப்பை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்து, சிக்கோனோடைட் என்ற மருந்தாக்கினார்கள். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

மார்ஃபினைத் தொடர்ந்து கொடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும். அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், அடிமையாக்கவும் செய்யும். சிக்கோனோடைட்டில் இந்தச் சிக்கல்கள் இல்லை. ஆனால் அதை மாத்திரையாகக் கொடுக்க முடியாது. சிறு பம்பு ஒன்றைப் பொருத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில் நேரடியாகச் செலுத்த வேண்டும். அளவு சற்று மிஞ்சினாலும் மனக்குழப்பமும் பிரமைகளும் வரலாம். ஆகவே மற்ற வழிகள் பலனளிக்காத கடும் வலிக்கு மட்டுமே, மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் இதைக் கொடுக்கிறார்கள்.

நஞ்சின் களஞ்சியம் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஜியோகிராபஸ் தன் நஞ்சில் இன்சுலினையும் கலக்கிறது என்பதை ஹெலினா சஃபாவி-ஹெமாமியும் ஒலிவேராவும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்டார்கள். மீன்களின் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று குறைந்தால் அவை சோர்ந்து, தப்பியோட முடியாமல் போகும். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்; நத்தையின் இன்சுலினில் 43. மனித இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் காரணமான பகுதி நத்தையிடம் இல்லை. அதனால் அது விரைந்து வேலை செய்கிறது. நீரிழிவு நோயாளிகளுக்கு இன்னும் வேகமாகச் செயல்படும் இன்சுலினை வடிவமைக்க இந்த அமைப்பு வழிகாட்டியிருக்கிறது.

கூம்பு நத்தைகள் நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் உண்டு. இந்தியாவின் தென்கிழக்குக் கடலில் கிடைத்த கோனஸ் அமாடிஸின் நஞ்சிலிருந்து, சோடியம் வாசலில் செயல்படும் சேர்மம் ஒன்றை நம் நாட்டு விஞ்ஞானிகளே பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஓர் இனத்தின் நஞ்சில் உள்ள சேர்மங்கள் பெரும்பாலும் அடுத்த இனத்தில் இருப்பதில்லை. எனவே பவளப்பாறை அழிந்து ஓர் இனம் மறைந்தால், வேறெங்கும் கிடைக்காத நூற்றுக்கணக்கான சேர்மங்கள், யாரும் பார்ப்பதற்கு முன்பே அதனோடு மறைந்துபோகும்.

கடற்கரையில் கூம்பு வடிவில் அழகான ஓடு ஒன்று கண்ணில் பட்டால், அது காலி ஓடு என்று உறுதியாகத் தெரியாமல் கையில் எடுக்காதீர்கள். குழந்தைகளையும் எடுக்க விடாதீர்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்து. உயிருள்ள நத்தை என்றால் அதைத் தொடாமல் கடலிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் உயிருக்கும் அதுவே நல்லது, நாளைய மருத்துவத்துக்கும் அதுவே நல்லது.