மாடி ஒழுகுதா? கான்ட்ராக்டரிடம் ரேட் கேட்பதற்கு முன்னால் இதைப் படிங்க

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே நின்று 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழையைக் கொட்டியது. 1,000 சதுர அடி மொட்டை மாடி ஒன்றின் மேல் அந்த ஒரு நாளில் விழுந்த தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 42,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி மூன்றரை. அதுவரை ‘நம்ம வீடு ஒழுகாது’ என்று நினைத்திருந்த பலருக்கு சீலிங்கில் பழுப்பு வட்டம் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வட்டம் தெரிந்ததும் என்ன செய்கிறோம்? போனை எடுத்து ‘வாட்டர் ப்ரூஃபிங்’ என்று தேடுகிறோம். முதல் நம்பருக்கு அடித்து, “சதுர அடிக்கு எவ்வளவு?” என்று கேட்கிறோம். அந்தப் பக்கம் இருப்பவரும் வீட்டைப் பார்க்காமலேயே ஒரு தொகை சொல்கிறார். “10 வருஷம் வாரன்டி சார், கவலையே படாதீங்க.” அடுத்த ஐப்பசியில் அதே வட்டம், கொஞ்சம் பெரிதாக.

இதில் ஏமாற்றுக்காரர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பணம் போவது திருட்டால் அல்ல. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாருமே தேடாமல் வேலையை ஆரம்பித்துவிடுவதால்தான். அதனால் ஒரு கான்ட்ராக்டரை நம்பலாமா என்பதை அவர் சொல்லும் ரேட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முதல் தடவை மாடிக்கு வந்தபோது அவர் என்ன பார்த்தார், என்ன கேட்டார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதல் விசிட்டில் கவனிக்க வேண்டியது

நல்ல மேஸ்திரி மாடிக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் வந்து கறையைப் பார்ப்பார். “மே மாசத்துலயும் ஈரமா இருக்குமா சார்?” என்று கேட்டால் அவருக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். கத்திரி வெயிலிலும் காயாத ஈரம் மழைத் தண்ணீரால் வருவதாக இருக்காது. மேலே உள்ள தண்ணித் தொட்டி, பாத்ரூம் குழாய் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்படி ஒரு வீட்டில் மாடி முழுக்க கோட்டிங் அடித்தால் லாபம் பெயின்ட் கடைக்கு மட்டும்தான்.

பிறகு மாடியில் அவர் எங்கே குனிகிறார் என்று பாருங்கள். கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர் வெளியேறும் குழாயின் வாய், தொட்டிக்குப் போகும் பைப் தளத்தைத் துளைக்கும் இடம், ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் போட்ட ஓட்டை, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பவரிடம் பேச்சைத் தொடரலாம். டேப்பை விரித்து நீளம், அகலம் மட்டும் அளந்துவிட்டு கால்குலேட்டரைத் தட்டுபவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு காரணம் சோலார். 2024-ல் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தபின் மாடியில் பேனல் வைக்கும் வீடுகள் கூடியிருக்கின்றன. பேனல் ஸ்டாண்டை போல்ட் போட்டு இறக்கும்போது தட்டோடும் அதற்குக் கீழே உள்ள நீர்த்தடுப்பு அடுக்கும் துளையாகின்றன. பிறகு ஒழுகினால் சோலார்காரர் வாட்டர் ப்ரூஃபிங்காரரைக் கை காட்டுவார், அவர் இவரை. பேனல் வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் மாடி வேலை, அப்புறம் துளை போடாத கான்கிரீட் பீடத்தின் மேல் ஸ்டாண்ட். இரண்டு பேரையும் ஒரே நாளில் மாடிக்கு வரவழைத்துப் பேசவைத்தால் இன்னும் நல்லது.

“பழசு மேலேயே போட்டுடலாம்”

இந்த வாக்கியத்தைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். பழைய சுருக்கித் தளத்தை உடைத்து எடுப்பது அழுக்கான, செலவான வேலை. அதனால் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்துவிடலாம் என்பார்கள். 1,000 சதுர அடியில் 3 அங்குலம் கனத்துக்கு அப்படிப் போட்டால் கூடுதல் எடை மட்டும் 12 டன் அளவுக்கு வரும். அந்தக் கனத்தைத் தாங்க உங்கள் வீட்டுத் தளம் கட்டப்பட்டதா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கம்பி தெரிந்து, காரை பெயர்ந்து விழும் தளமாக இருந்தால் கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். கடல் காற்றில் உப்பு இருக்கும் ஊர் இது. கம்பி துருப்பிடித்துவிட்டால் மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் உள்ளே நடப்பது நிற்காது.

ஷீட் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு ஷீட் பறப்பது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஷீட்டின் கனத்தைச் சொல்லும்போது அது பெயின்ட் பூச்சோடு சேர்ந்த கனமா, வெறும் தகட்டின் கனமா என்று கேளுங்கள். கொட்டேஷனில் 0.50 மி.மீ. என்று எழுதிவிட்டு, பூச்சையும் சேர்த்து அந்தக் கணக்கைக் காட்டுவது பழைய வித்தை. கால்களைத் தளத்தோடு எப்படிப் பிணைக்கிறார், ஸ்குரூவுக்கு ரப்பர் வாஷர் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஷீட்டைவிட ஸ்குரூதான் முதலில் துருப்பிடிக்கும்.

பழைய வீடு என்றால் ஆட்டம் வேறு

வைசியாள் வீதியிலோ, ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கமோ, ஒயிட் டவுனிலோ தாத்தா காலத்து வீடு இருந்தால், மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அந்த வீடுகள் பலவற்றில் இருப்பது கான்கிரீட் அல்ல, மெட்ராஸ் டெரஸ். வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் சின்ன, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த அடுக்கு, கடைசியாகத் தட்டோடு. சாந்துக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த காலம் அது.

இந்தத் தளம் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மரமும் சுண்ணாம்பும் லேசாக அசையும், அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். இதன் மேல் சிமென்ட் பூசினால் சிமென்ட் வளையாது, விரிசல் விடும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே ஆவியாக வழி இருக்காது. சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனை மெல்ல மெல்ல அழுகும். கீழே பிஓபி ஃபால்ஸ் சீலிங்கும் போட்டு மூடியிருந்தால் அது அழுகுவதே தெரியாது.

மழையும் பராமரிப்பின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரில் ஒரு பெரிய சாட்சி உண்டு. கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று பலத்த மழையில் இடிந்து விழுந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பது அதே தோற்றத்தில் திரும்பக் கட்டப்பட்ட கட்டடம். 2021 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. அரசாங்கம் உலக வங்கி உதவியோடு திரும்பக் கட்டிக்கொண்டது. நமக்கு அந்த வசதி இல்லை.

மெட்ராஸ் டெரஸ் தெரிந்த ஆளா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: “இந்தத் தளத்துல மேலிருந்து கீழ வரைக்கும் என்னென்ன அடுக்கு இருக்கு மேஸ்திரி?” என்று கேளுங்கள். தெரிந்தவர் மூச்சுவிடாமல் சொல்வார். தெரியாதவர் கெமிக்கல் பெயர்களைச் சொல்வார். கட்டைகளைத் தட்டிப் பார்த்து, முனைகளைச் சுரண்டிப் பார்த்து, கரையான் தடம் தேடுபவர்தான் உங்களுக்கு வேண்டியவர். ஆள் கிடைக்கவில்லை என்றால் இன்டாக் அமைப்பின் புதுச்சேரி கிளையை அணுகலாம். பழைய வீடுகளைப் பாதுகாக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவர்கள் அவர்கள். வைசியாள் வீதியில் அவர்கள் பங்கெடுத்த சீரமைப்பு வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

பேப்பரில் என்ன இருக்கணும்?

கொட்டேஷன் என்ற பெயரில் வரும் “வாட்டர் ப்ரூஃபிங் வேலை - 10 சதுரம் - மொத்தம் இவ்வளவு” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். (ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கடைசியில் சண்டை வருவது அங்கேதான்.) பழைய தளத்தை உடைப்பாரா, குப்பையை யார் அள்ளுவது, எந்த கம்பெனியின் எந்தப் பொருள், எத்தனை கோட், எத்தனை நாள் தண்ணீர் விட்டுப் பதப்படுத்துவது, வேலை எப்போது முடியும் என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் இருந்தால்தான் செல்லும் என்பது இல்லை. இருவரும் கையெழுத்திட்ட சாதாரணத் தாள் போதும். வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். தினமும் மாலையில் மாடியை ஒரு போட்டோ எடுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாரன்டி விஷயத்தில் ஒரே கேள்வி: கொடுப்பது யார்? பொருள் தயாரித்த கம்பெனி கொடுப்பது பொருளுக்கான வாரன்டி. அதை அடித்த விதத்துக்கு கான்ட்ராக்டர்தான் பொறுப்பு. ‘10 வருஷம்’ என்று வாயால் சொல்பவரிடம், ஒழுகினால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார், கூலியும் பொருளும் யார் செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் மாறினால் புரிந்துவிடும்.

பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. எண் சரியா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண் இல்லாததாலேயே ஒருவர் மோசடிக்காரர் ஆகிவிட மாட்டார். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வேலை செய்யும் மேஸ்திரிக்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் வாங்கக் கூடாது.

பணம், தண்ணீர்ச் சோதனை, மழை

மொத்தம் 1,50,000 ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். என் யோசனை: அட்வான்ஸாக 20,000, 30,000-க்கு மேல் வேண்டாம். பொருளை நீங்களே கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். வேலை நகர நகரக் கூலி. ஒரு 15,000-ஐ மட்டும் முதல் பெரிய மழை முடியும் வரை நிறுத்திவைப்பதாக ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிவில் திடீரென்று சொன்னால் அது அநியாயம். அவரும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர். ஆட்கள் உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் உண்டா, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதையும் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.

கான்கிரீட் தளம் என்றால் தண்ணி கட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. குழாய் வாயை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். மெட்ராஸ் டெரஸில் இதைச் செய்யாதீர்கள். 1,000 சதுர அடியில் 2 அங்குலத் தண்ணீர் என்பது நாலரை டன்னுக்கு மேல். நல்ல கான்கிரீட்டுக்கு அது பெரிய சுமை இல்லை. அழுகிய கட்டைக்கு அது கடைசிச் சுமை ஆகிவிடலாம். அங்கே ஹோஸ் பைப்பில் பகுதி பகுதியாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் போதும்.

முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்லும்போது போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் பிரயோஜனம் இல்லை. இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அப்புறம் கூப்பிட்டா வந்தாரா?”

இவ்வளவுக்கும் பிறகு வேலை கெட்டுப்போய், போனையும் எடுக்கவில்லை என்றால்? முதலில் எழுத்து மூலமாக ஒரு நோட்டீஸ். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நம் ஊருக்கு இதில் ஒரு சவுகரியம்: கான்ட்ராக்டர் கோட்டக்குப்பத்திலோ கடலூரிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது புதுச்சேரியிலேயே புகார் கொடுக்கலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

இப்போது மழைக்காலம் என்றால், எந்தப் பெரிய வேலையையும் தொடங்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேஸ்திரிக்கும் நேரம் இருக்காது, தளமும் காயாது. ஈரத் தளத்தில் அடித்த கோட்டிங் உரிந்து வரும். குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைக் குப்பையை எடுத்துவிட்டு, ஒழுகும் இடத்துக்கு மேல் ஒரு தார்ப்பாய் போட்டுக் கல் வையுங்கள். கறையைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவைத்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிப்ரவரியில் மேஸ்திரி வரும்போது முதலில் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.