யானை வருது... ரயிலே, மெதுவா போ!

ஆயிரம் போட்டோக்களில் உங்க முகத்தை மட்டும் போன் கேலரி தனியாப் பிரிச்சுக் காட்டுதே, அதே வித்தைதான் கோவை மதுக்கரையில் யானைகளைக் காப்பாத்துது.

அங்கே காட்டு வழியே போகும் கோவை - பாலக்காடு ரயில் பாதையில் யானைகள் அடிபட்டு இறப்பது பல வருட சோகம். 2024 பிப்ரவரியில், பாதையோரம் 12 கோபுரங்களில் 24 கேமராக்களுடன் ஏ.ஐ கண்காணிப்பைத் தொடங்கியது தமிழக வனத்துறை. இருட்டிலும் உடல் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் தெர்மல் கேமராக்களும் இதில் உண்டு.

படத்தில் யானை தெரிந்தால், கட்டுப்பாட்டு அறைக்கு உடனே அலெர்ட். ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும். வனப் பணியாளர்கள் யானையை விரட்டக் கிளம்புவார்கள். பிரேக் போட்டதும் ரயில் சட்டுனு நிற்காது. அதனால்தான் முன்கூட்டியே தெரிவது முக்கியம்.

அடுத்த முறை அந்தப் பக்கம் ரயில் மெதுவாகப் போனால் சலிச்சுக்காதீங்க. ஒரு குட்டி யானை தண்டவாளத்தைக் கடந்துட்டு இருக்கலாம்!