வானுக்கடியில் ஒரு கறுப்புப் பொட்டு

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் முற்றத்தில் தன் வானை நிறுத்தியிருந்த சகோதரர் ஒருவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். வானுக்கடியில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு ஒயில். புடவைக் கடை வைத்திருப்பவர். வாரத்துக்கு இரண்டு தடவை கொழும்புக்குப் போய்ச் சாமான் ஏற்றி வரும் வான் அது. "நானா, இது பெரிய செலவா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதிலல்ல. ஒயில் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால் சில நூறு ரூபாவோடும் முடியலாம். கண்டுபிடிக்காமல் ஓடினால் பல இலட்சத்தில் போய் நிற்கலாம். இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நம்மில் பலர் பழைய வாகனங்களை வைத்தே வியாபாரத்தை ஓட்டினோம். எஞ்சினின் இறப்பர் சீல்களும் பெக்கிங்குகளும் சூட்டில் வெந்து வெந்து வருடங்கள் போகப் போக இறுகிவிடும். இறுகியது ஒயிலைத் தடுக்காது. ஆகவே பழைய வாகனத்தில் ஒயில் கசிவது அதிசயமில்லை.

2023இல் என்னிடம் ஒரு டொல்பின் வான் இருந்தது. "ஒயில் குறையுது நானா" என்று சாரதித் தம்பி சொன்னபோதெல்லாம் "ஊத்திட்டு ஓடு" என்பதே என் பதில். நோன்பு காலம், கடையில் நெருக்கடி. பெருநாள் முடிந்து ஒரு கராஜுக்கு அனுப்பினேன். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருமிடத்தில் ஒயில் சொட்டியது. பின் சீல் போய்விட்டது, கியர் பொக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். சம்மதித்தேன். சீலின் விலை சொற்பம், கூலிதான் கனம். எல்லாமாக 45,000 ரூபா.

மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. பழைய ஒயில் வடிகிறது என்று சமாதானம் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்தும் அந்தப் பழைய ஒயில் வடிந்து முடியவில்லை.

பிறகு வயதான ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பெனரைத் தொடவேயில்லை. முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவைத்தார். அரை மணித்தியாலம் ஓட விட்டார். முன் சீற்றைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். கசிவு மேலே, டெபட் கவரின் பின்மூலையில். அங்கிருந்து எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கியர் பொக்ஸ் சேருமிடத்தில் சொட்டியிருக்கிறது. முகட்டில் ஓடு உடைந்த இடமும் அறைக்குள் தண்ணீர் விழும் இடமும் ஒன்றாக இருப்பதில்லையே, அதைப் போல. சொட்டுகிற இடத்தைப் பார்க்காதே, நனைந்த இடங்களில் மிக உயரமானது எது என்று பார். அவர் எனக்குச் சொல்லித் தந்தது இதுதான்.

அவர் அதோடும் விடவில்லை. எஞ்சினுக்குள் சேரும் புகைக்காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு, ப்ரீதர் என்பார்கள். அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் மாதிரிக் கசடு அடைத்திருந்தது. காற்றுக்குப் போக வழியில்லாவிட்டால் அது உள்ளே அழுத்தமாகி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே ஒயிலைத் தள்ளும். "இதத் துப்பரவாக்காம புது பெக்கிங் போட்டா அதுவும் ஒழுகும் முதலாளி" என்றார். பெக்கிங், கூலி, கழுவியது எல்லாம் சேர்த்து 6,000 ரூபா. 45,000 கொடுத்த இடத்தில் ஒருவரும் ஒரு டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை.

கராஜுக்குப் போகுமுன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. இரவில் வாகனத்தின் கீழே ஒரு வெள்ளைக் காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். கறுப்போ கபிலமோ என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஒயில். சிவப்பு என்றால் ஓட்டோ கியர் அல்லது பவர் ஸ்டியரிங். பச்சை, ரோஸ் நிறத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் பக்கம். வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. பிரேக் ஒயில் என்று சந்தேகம் வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

டிப்ஸ்டிக்கை வாரமொரு முறை, சமமான நிலத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பல வாகனங்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லீற்றர். எவ்வளவு ஊற்றினோம் என்பதைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். கடைக்குக் கணக்கு வைக்கிற நாம் வண்டிக்கு வைப்பதில்லை. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கேடு. கீழே சொட்டு இல்லாமலே ஒயில் குறைந்து, சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஒயில் உள்ளே எரிகிறது. அது வேறு வைத்தியம்.

டேஷ்போட்டிலுள்ள சிவப்பு ஒயில் விளக்கைப் பலர் தவறாக விளங்கியிருக்கிறார்கள். அது ஒயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் அடுத்த டவுன் வரை பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் சாமானோடு நிற்க வேண்டி வந்தாலும் சரி, கிரேங்க், பெயாரிங் போவதைவிட அது மலிவு.

எல்லாக் கசிவும் ஒரே அவசரமல்ல. டெபட் கவரில் மெல்லிய ஈரம் என்றால் அளவைப் பார்த்துக்கொண்டு மாதக் கடைசி வரை ஓடலாம். முன் சீலில் கசிந்து டைமிங் பெல்ட் நனைந்தால் பொறுக்க முடியாது. ஒயில் பட்ட பெல்ட் பழுதாகும், டீசல் எஞ்சினில் அது அறுந்தால் வால்வும் சேர்ந்து போகும். சூடான சைலன்சர் குழாயில் ஒயில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். பின் சீல் உண்மையாகவே போயிருந்தால் கிளச் பிளேட்டை நனைத்து வழுக்க வைக்கும். அதற்குக் கியர் பொக்ஸை இறக்கும்போது கிளச்சையும் பார்த்துவிடுங்கள், ஒரே கூலியில் முடியும்.

போத்தலில் விற்கும் கசிவு மருந்து இறுகிய இறப்பரைக் கொஞ்ச நாளைக்கு மிருதுவாக்கலாம், கிழிந்ததை ஒட்டாது. பெக்கிங் மாற்றாமல் நட்டை இன்னும் இறுக்குவதால் தகரக் கவர் வளைந்து கசிவு கூடும். சிலிக்கன் பசையை அள்ளிப் பூசினால் மிச்சம் உள்ளே விழுந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும்.

அந்த வானை நான் விற்றது 2025இல். முன் சீலில் இலேசாக ஈரம் தொடங்கியிருந்தது. எஞ்சினைக் கழுவித் தடித்த ஒயில் ஊற்றினால் ஒரு மாதத்துக்குத் தெரியாது என்றார் தரகர். மதீனாச் சந்தையில் நபியவர்கள் (ஸல்) தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நாமெல்லோரும் சிறு வயதிலேயே கேட்டதுதான். வாங்க வந்தவரிடம் சீலைக் காட்டி, செலவைக் கழித்துத்தான் விலை பேசினேன். தரகருக்கு என்மீது இன்னும் வருத்தம். நீங்கள் வாங்கப் போகும்போது, இருபது வருட வண்டியின் எஞ்சின் புதுச்சட்டி போல மினுங்கினால் இருபது கிலோமீற்றராவது ஓடிவிட்டு மறுபடி கீழே குனிந்து பாருங்கள்.

புடவைக் கடைச் சகோதரருக்கு அன்று கழுவிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். பத்து நாளைக்கு முன்தான் சேர்விஸ் செய்திருக்கிறார். ஒயில் இறக்கும் நட்டின் பழைய வொஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். மேலே எங்கும் ஈரமில்லை. சேர்விஸ் செய்த இடத்துக்கே கொண்டுபோனார், மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லையாம்.