உங்களுக்குத் தெரியுமா? மூடியைக் கழற்றாவிட்டாலும் காட்சி காட்டும் கேமரா

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும். படம் மட்டும் விழாது! கண் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, மேலே உள்ள தனிச் சாளரத்தின் வழியாக. திருச்செங்கோடு மலைக்கோயிலின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறிப்போய் எடுத்த படம் வெறுமை என்பது, ஃபிலிமைக் கழுவும்போதுதான் தெரியவரும்.

• ரேஞ்ச்ஃபைண்டர்களில் பெரிய அளவுப் படம் எடுப்பவற்றுக்கான 120 ஃபிலிம், 1901-இல் கோடாக்கின் பிரவுனி பெட்டிக் கேமராவுக்காக வந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது.

• அத்தகைய ரேஞ்ச்ஃபைண்டரான மாமியா 7 (1995) கேமராவில் ஒரு 120 சுருளுக்கு 10 படங்கள்தாம். ஒவ்வொன்றும் 35 மி.மீ. படத்தைப்போல் சுமார் நாலரை மடங்கு பரப்பு. லென்ஸ் நீங்கலாக எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. மலையேறுபவர் தோளுக்கு இது பெரிய ஆறுதல்.

• ரேஞ்ச்ஃபைண்டரின் உள்ளே எழுந்து தாழும் கண்ணாடி இல்லை. சத்தமும் அதிர்வும் குறைவு. மங்கலான கோயில் மண்டபத்தில் ஸ்டாண்ட் இல்லாமலே சமாளிக்கலாம்.

• குறை ஒன்று: மாமியா 7-இன் 80 மி.மீ. லென்ஸ் 1 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அடிவாரத்திலிருந்து மலை முழுதும் அடங்கும். தூண் சிற்பத்தின் விரல் நுனிக்கு இது உதவாது.

• திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், அம்மாவட்டத்து ராயக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தவர் லினேயஸ் ட்ரைப் என்ற புகைப்படக்காரர். அப்படங்களின் தொகுப்பு வெளியான ஆண்டு 1858. அவர் கையாண்டது சுருள் ஃபிலிம் அல்ல, காகித நெகட்டிவ்: ஒரு தாளுக்கு ஒரே படம்.