நள்ளிரவு விழிப்பு நோயா?

பழனி மலைத்தொடரில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். சமவெளியிலிருந்து சென்று அங்குத் தங்குவோர் சிலர், "மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, பிறகு உறக்கமே இல்லை" என்று காலையில் குறைப்படுவதுண்டு. ஊர் திரும்பிய பின்னும் விழிப்புத் தொடர்ந்தால், நோய் வந்துவிட்டதென அஞ்சி மாத்திரையை நாடுவோரும் உளர். இவ்வச்சம் முறையானதுதானா என்பதைச் சிந்திப்போம்.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும். மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறைவதால், முதல் ஓரிரு இரவுகளில் ஆழ்ந்த துயில் சற்றுக் குன்றுகிறது. குளிருக்கு இதமாக இரவில் பருகும் தேநீரும் துயிலைக் கலைக்கும். அதிலுள்ள காஃபினில் பாதி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழிந்தும் உடலில் எஞ்சி நிற்கிறது. இவற்றினும் எளிய காரணம் ஒன்றுண்டு. குளிருக்கு அஞ்சி எட்டு மணிக்கே போர்வைக்குள் புகுந்தவர் மூன்று மணிக்கு விழித்தால், ஏழு மணி நேரம் உறங்கிவிட்டார் என்பதே பொருள்!

இரவு முழுவதும் இடைவிடாது உறங்குவதே இயற்கை என்னும் எண்ணமும் ஆய்வுக்குரியது. தொழிற்புரட்சிக்கு முந்திய ஐரோப்பாவில் மக்கள் இரு பகுதிகளாக உறங்கினர் என வரலாற்றறிஞர் ரோஜர் எகிர்ச் 2001ஆம் ஆண்டு எழுதினார். நாள்தோறும் 14 மணி நேரம் இருளில் இருந்தவர்களின் துயில் இரண்டாகப் பிரிந்ததை, 1992இல் தாமஸ் வேர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனினும் தான்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளின் தொல்குடியினரிடம் இத்தகைய பிரிவு வழக்கமாக இல்லை என 2015இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆகவே, இடைவிழிப்பு எல்லோர்க்கும் பொதுவான விதியுமன்று, தன்னளவில் நோயுமன்று.

இரவெல்லாம் நின்று வணங்க விழைந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிமைகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இரவில் பாதி உறங்கி, மூன்றிலொரு பங்கு வணங்கி, எஞ்சிய ஆறிலொரு பங்கு மீண்டும் உறங்கிய தாவூத் நபி (அலை) அவர்களின் தொழுகையே இறைவனுக்கு மிக உவப்பானது என்றும் அவர்களுக்கு அறிவித்தார்கள். இரவைப் 12 மணி நேரமெனக் கொண்டால் உறக்கம் எட்டு மணி நேரமாகிறது. தஹஜ்ஜுத் எனும் வணக்கம், உறக்கத்தைப் பறிப்பதன்று. அதன் நடுவே மலர்வது.

ஆயினும் வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்கு மேல் துயில் கெட்டுப் பகலில் சோர்வு மிகுமானால் மருத்துவரை அணுகுவதே அறிவுடைமை. பெருங்குறட்டையும் மூச்சுத் தடையும் உடையோர் காலம் தாழ்த்தலாகாது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிடப் பழக்க மாற்றச் சிகிச்சையையே முதலில் அளிக்க வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் நெறிகள் எளியவை: துயில் வந்த பின்னரே படுக்கைக்குச் செல்லுதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் மீளாவிடில் படுக்கையை விட்டகன்று, மங்கிய ஒளியில் அமைதியாக இருந்து, கண் சொருகும்போது திரும்புதல்.

விழித்ததும் கடிகாரத்தை நோக்கி, விடியலுக்கு எஞ்சிய நேரத்தைக் கணக்கிடுவோர்க்கு அக்கவலையே மறு உறக்கத்தைத் தடுக்கிறது. அந்நேரத்தை அச்சத்திற்கு இரையாக்காமல் அமைதிக்கு உரியதாக்குவோமாயின், துயில் தானே திரும்பும்.